இரண்டாவது ஊசி

வெள்ளக்கடையில் காப்பிப் பழம் எடுக்கும் காலம் வந்துவிட்டால் பின்வாசல் அடுப்பில் மதியமே வெந்நீர் அண்டா ஏறிவிடும். ஏற்காடு வட்டத்து ஊராட்சிகளில் ஒன்று இது. சேர்வராயன் மலையின் மற்ற ஊர்களைப் போல இங்கும் காப்பியும் மிளகும்தான் பிழைப்பு. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அந்த நிழலில் காப்பிச் செடி நிற்கும். கார்த்திகை மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருக்கும் நாட்களில் பழம் சிவக்கும்.

என் பக்கத்து வீட்டு அக்கா காலையில் தோட்டத்துக்குப் புறப்படும்போது புடவைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார். தலையில் துண்டு, இடுப்பில் சாக்குப் பை. சாயங்காலம் எடை போட்டு முடித்து வீடு வந்ததும் திண்ணையில் உட்காரமாட்டார். உடுத்தியிருந்த துணி முழுவதும் வெந்நீர் வாளிக்குள் போகும். சோப்புப் போட்டு, பீர்க்கங்கூட்டால் அழுத்தித் தேய்த்து ஒரு குளியல். அது முடிந்ததும் நாத்தனார் மகளைக் கூப்பிடுவார். கைக்கு எட்டாத இடங்களை அந்தப் பெண் பார்ப்பாள், எட்டும் இடங்களை அக்காவே பார்த்துக்கொள்வார். அக்குள், மார்புக்குக் கீழ், பாவாடை நாடா அழுத்தும் இடுப்பு வரி, முழங்காலின் பின்மடிப்பு, காது மடலின் பின்பக்கம். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்கூட ஆகாது.

"ஒண்ணும் இல்ல அத்தை."

"சரி, போய் விளக்கைப் போடு."

அந்தப் பெண்ணுக்கு இருபது வயது. பழம் எடுக்கப் போவது அவளுக்கு இதுதான் முதல் வருடம். அவளும் பார்த்துக்கொள்கிறாள், ஆனால் இரண்டு நிமிடத்தில் முடிவதில்லை. மதியம் சோறு உண்ணும்போது செடி மறைவில் ஒருமுறை, இரவு செல்போன் வெளிச்சத்தில் இரண்டு மூன்று முறை, நடுச்சாமத்தில் விழிப்பு வந்தால் இன்னொரு முறை. போன வருடம் கூட வேலை செய்த ஒருவர் காய்ச்சலில் விழுந்து சேலத்தில் பத்து நாள் படுக்கையில் கிடந்தாராம். அந்தச் செய்தி அவளுக்குள் இறங்கிவிட்டது. நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பழம் பறிக்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே தோட்டம், ஒரே செடி, ஒரே ஆபத்து. ஒருவர் விளக்குப் போடப் போகச் சொல்கிறார், இன்னொருத்திக்குத் தூக்கம் வருவதில்லை. இந்த வேறுபாட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்தக் காய்ச்சல். ஸ்க்ரப் டைபஸ் என்று ஆய்வுக்கூடச் சீட்டில் எழுதுவார்கள், செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல். மாட்டு உண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புதரிலும் ஈரமான புல்லிலும் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு, அதாவது முட்டையிலிருந்து வெளிவந்த ஆறுகால் பருவம், கடிப்பதால் வருவது. வெறும் கண்ணுக்கு அது ஒரு தூசி. அதன் எச்சிலில் இருக்கும் பாக்டீரியாவுக்கு ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்று பெயர். சுட்சுகாமுஷி என்பதற்கு ஜப்பானிய மொழியில் தீங்கு செய்யும் பூச்சி என்பதுபோல் பொருள் வரும். அந்தச் சிற்றுண்ணி தன் வாழ்நாளில் குஞ்சுப் பருவத்தில் ஒரே ஒரு முறைதான் விலங்கையோ மனிதரையோ கடித்து உண்கிறது. கிருமி பெரும்பாலும் தாய்ப் பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே அதற்கு வந்து சேர்கிறது. வளர்ந்த பூச்சி மண்ணோடு மண்ணாகக் கிடந்து, நம்மை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

கடித்தால் வலிக்காது, பெரும்பாலும் அரிக்கவும் செய்யாது. சில நாட்களில் அந்த இடம் சிறு கொப்புளமாகி, பிறகு நடுவில் கருத்த பொருக்காகும். பீடியால் சுட்ட புண் போல இருக்கும், சுற்றிலும் சிவந்த வளையம். கடித்த பத்து நாள் வாக்கில் காய்ச்சல், கடுமையான தலைவலி, உடம்பு வலி. கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவி உயிரையும் எடுத்துவிடும். தமிழ்நாட்டில் மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் இது கூடுகிறது. 2024 முடிந்து 2025 பிறந்த வாரங்களில் பொது சுகாதாரத் துறை இதற்காகவே மாவட்டங்களை எச்சரித்தது. ஆனால் காலத்தோடு போனால் டாக்ஸிசைக்ளின் என்ற பழைய, விலை மலிவான மாத்திரைக்கே அடங்கிவிடும். முற்றிய நிலையில் வருவோருக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் காட்டியது.

இதில் அக்காவுக்குத் தெரிந்து, அந்தப் பெண்ணுக்கு இன்னும் மனசில் படியாத செய்தி ஒன்று உண்டு. இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. காய்ச்சல்காரரின் பக்கத்தில் உட்காரலாம், அவர் குடித்த டம்ளரில் குடிக்கலாம். சேலத்திலிருந்து இந்த மலைக்கு ஏற முக்கியமான பாதை இரண்டு. அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும், இல்லையென்றால் குப்பனூர் வழியாகச் சுற்றி வர வேண்டும். கிருமிக்கும் அப்படித்தான், அதற்கென்று உள்ள பாதையை விட்டு வேறு வழியில் அதனால் வரமுடியாது. ஸ்க்ரப் டைபஸுக்குப் பாதை பூச்சிக் கடி. எச்.ஐ.வி.க்குப் பாதை ரத்தமும் உடலுறவும் தாய்-சேய் உறவும். காசநோய்க்குக் காற்று. எந்தப் பாதை என்று தெரிந்தால் அந்த வாசலில் மட்டும் காவல் போட்டால் போதும். தெரியாதவர் வீட்டைச் சுற்றிலும் காவல் நின்று களைத்துப்போகிறார்.

நானும் அப்படிக் களைத்தவள். இருபது வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையில் ஆய்வுக்கூட டெக்னீஷியனாக இருந்தேன். ஒருநாள் ரத்தம் எடுத்து முடித்து ஊசிக்கு மூடி போடும்போது இடது கை ஆள்காட்டி விரலில் குத்திவிட்டது. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடவே கூடாது, அப்படியே ஊசிப் பெட்டியில் போட வேண்டும் என்பது விதி. எங்கள் அறையில் ஊசிப் பெட்டி கிடையாது. மேலே இருந்தவரிடம் சொன்னேன். "ஸ்பிரிட் போட்டுத் துடைம்மா, எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றார். யாருடைய ரத்தம், அவருக்கு என்ன இருந்தது என்று பார்க்க ஒருவரும் முன்வரவில்லை. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மருந்து உண்டு என்பதையும் யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தபோது கெடு தாண்டியிருந்தது.

அடுத்த ஆறு மாதம் நான் என் கழுத்தோடு வாழ்ந்தேன். எச்.ஐ.வி. வந்தால் நெறி கட்டும் என்று படித்திருந்தேன். தாடைக்குக் கீழே விரல் வைத்து நெறியைத் தேடுவேன். தேடினால் கிடைக்கும், ஏனென்றால் எல்லார் கழுத்திலும் அவை இருக்கின்றன. ஒரு நாளைக்கு இருபது, முப்பது முறை அமுக்கிப் பார்த்தால் அந்த இடம் நோகும், லேசாக வீங்கவும் செய்யும். வீக்கத்தைத் தொட்டதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். வீக்கத்தை உண்டாக்கியது என் விரல்தான் என்பது தோன்றவே இல்லை. அம்மாவைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். "ஒண்ணும் இல்லடி" என்பாள். கால் மணி நேரம் நிம்மதி. பிறகு, அம்மா சரியான இடத்தைத் தொட்டாளா என்று சந்தேகம் வரும்.

கணக்கைப் பாருங்கள். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 1,000-ல் சுமார் 3. தடுப்பூசி போடாத ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி உள்ளவரின் ஊசி குத்தினால், அந்த நோயாளியின் நிலையைப் பொறுத்து, 100-ல் 6 முதல் 30 வரை. நான் அந்தத் தடுப்பூசியைப் போட்டிருக்கவில்லை. அதை நினைத்து எனக்கு ஒரு ராத்திரிகூடத் தூக்கம் கெட்டதில்லை. என் பயம் எண்களின் பின்னால் போகவில்லை, ஊரார் வாயில் எந்த நோய்க்கு அவமானம் ஒட்டியிருந்ததோ அதன் பின்னால் போனது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. வேலூருக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார்கள். அதற்குப் பின் பல வருடங்கள் இந்த நோய் உள்ளவர்களைத் தொடவே மருத்துவமனைகளில் பலர் தயங்கினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் அந்தத் தயக்கம் சுவரில் ஈரம் போல இருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் பயப்படக் கற்றேன்.

பார்த்துக் கற்ற பயம் என்றதும் எனக்குப் பால் பிராண்டின் நினைவு வரும். தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தியவர் என்று உலகம் அறிந்த வேலூர் மருத்துவர். அவர் பிறந்தது 1914-ல், சிறுவயதில் வளர்ந்தது கொல்லிமலையில். சேர்வராயனுக்கும் கொல்லிமலைக்கும் நடுவே சமவெளி கிடந்தாலும் இரண்டு மலையிலும் வாழ்வது அதே மலையாளிப் பழங்குடி மக்கள்தான். அவருடைய அப்பா ஜெஸ்ஸி பிராண்டும் அம்மா ஈவ்லினும் அங்கே மக்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த மிஷனரிகள். சிறுவன் பால் ஒரு காட்சியைக் கண்டான். விரல்கள் குட்டையான மூன்று பேர் வீடு தேடி வருகிறார்கள். தினமும் எத்தனையோ பேரின் புண்ணை வெறுங்கையால் கழுவிக் கட்டும் அப்பா அன்றைக்குக் கையுறை மாட்டுகிறார். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். வந்தவர்கள் கொண்டுவந்த கூடையைப் பிறகு எரித்துவிடுகிறார்கள். அவர்கள் இருந்த இடத்தில் விளையாடக் கூடாது என்று உத்தரவு. தொழுநோய் என்றால் என்ன என்று யாரும் அந்தப் பையனுக்கு வகுப்பு எடுக்கவில்லை. கையுறையும் எரிந்த கூடையுமே போதுமாக இருந்தது.

1980-களில் சூசன் மினேகா என்ற உளவியலாளர் குரங்குகளை வைத்துச் செய்த சோதனை இதை விளக்குகிறது. ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பைக் கண்டால் பயம் இல்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதை ஒருசில முறை பார்த்த பிறகு அவையும் பாம்பைக் கண்டு நடுங்கின, அந்தப் பயம் மாதக்கணக்கில் மறையவில்லை. பூவைக் கண்டு அலறுவதுபோல் படத்தை மாற்றி ஒட்டிக் காட்டினால் மட்டும் அவை பூவுக்குப் பயப்படக் கற்கவில்லை. எதற்குப் பயப்படலாம் என்ற வரைபடம் ஓரளவு பிறப்பிலேயே இருக்கிறது, அதில் குறியிடுவது கூட இருப்பவர்களின் முகம்.

பால் பிராண்ட் லண்டனில் மருத்துவம் படித்து 1946-ல் வேலூர் வந்தார். அடுத்த வருடம் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து, முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னார் பிராண்ட். வலியில் துடித்துப்போனார், அத்தனை பலமான பிடி. தசை அழுகவில்லை, நரம்புதான் செத்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தொழுநோய் விரலைத் தின்கிறது என்ற பழைய எண்ணத்தை அவர் உடைக்கத் தொடங்கியது இங்கிருந்துதான். வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டுமே விரல்கள் போகின்றன என்று அவரும் கூட இருந்தவர்களும் ஒவ்வொன்றாகக் கண்டார்கள். படுக்கும்போது இருந்த விரல் விடியும்போது குறைந்திருந்த புதிருக்கு, ஒரு ராத்திரி கண் விழித்துக் காவல் இருந்து விடை கண்டார்கள். எலி வந்து கடித்துக்கொண்டிருந்தது, தூங்கியவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நோயாளிகள் பூனை வளர்த்தார்கள்.

இப்படிப்பட்ட ஒருவருக்கு, 40 வயதை நெருங்கிக்கொண்டிருந்த 1953-ல், ஓர் இரவு வந்தது. அமெரிக்காவில் பயணம் முடித்துக் கப்பலில் இங்கிலாந்து வந்து, உடம்பு சரியில்லாத நிலையில் ரயிலில் நெடுநேரம் ஒடுங்கி உட்கார்ந்து லண்டன் சேர்ந்தார். தங்கிய அறையில் காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்வு இல்லாதது தெரிந்தது. ஊசியை எடுத்துக் குத்தினார், ஒன்றும் தெரியவில்லை. இன்னும் ஆழமாகக் குத்தினார், ரத்தம் வந்தது, வலி வரவில்லை. தொழுநோயின் முதல் அடையாளங்களில் உணர்வற்ற தோலும் ஒன்று என்பதை உலகத்தில் அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் சிலரே. விடியும்வரை அவர் தூங்கவில்லை. மனைவி மக்களை விட்டுப் பிரிய வேண்டும், இனி எந்தக் கையையும் அறுத்துச் சரிசெய்ய முடியாது, உடன் வேலை செய்கிறவர்கள் இதைக் கேட்டு என்ன ஆவார்கள் என்று இரவெல்லாம் ஓடியது.

விடிந்ததும் எதுவரை உணர்வு போயிருக்கிறது என்று அளக்க மறுபடி ஊசியை எடுத்துக் குத்தினார், அலறிவிட்டார். வலி அத்தனை சுகமாக இருக்கும் என்று முன்னர் அறிந்ததில்லை என்று பின்னாளில் எழுதினார். ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்ததில் நரம்பு அழுந்தி மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு இந்தக் கதையில் திரும்பத் திரும்ப நினைக்கத் தோன்றுவது அவருடைய அறிவைப் பற்றி. தொழுநோய்க் கிருமி ஒருமுறை பெருக 12 முதல் 14 நாள் எடுத்துக்கொள்ளும் மந்தமான கிருமி என்று இன்று பாடப்புத்தகம் சொல்கிறது. நோய் வெளித்தெரிய வருடக்கணக்காகும், நூற்றில் 95 பேருக்கு மேல் அது பற்றவே பற்றாது. நேற்று நன்றாயிருந்த குதிகால் ஒரே நாளில் முழுதும் மரத்துப்போவது அதன் வழக்கமே அல்ல. மரத்துப்போதலைப் பற்றி அன்று அவருக்கே எவ்வளவோ தெரியும். அந்த அறையில் அது எதுவும் அவருக்குக் கை கொடுக்கவில்லை. கடும் பயத்தில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி, அதாவது நிதானித்து எடைபோடும் பகுதி, மங்கிவிடுகிறது. அமிக்டலா என்ற வாதுமைக் கொட்டை அளவுள்ள பகுதி உடம்பைக் கையில் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் கொல்லிமலையில் எரிந்த கூடை, செங்கல்பட்டில் அழுத்திய கையைவிடப் பக்கத்தில் இருந்திருக்கும். ஆகவே, "படிச்ச பொண்ணு நீ, இப்படிப் பயப்படலாமா" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. படிப்புக்கும் இதற்கும் அப்படி நேரடித் தொடர்பு இல்லை.

பயம் உடம்பில் செய்வதையும் பார்க்க வேண்டும். அட்ரினலின் சுரந்ததும் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிறு பிசைகிறது, மூச்சு வேகமெடுக்கிறது. மூச்சு வேகமாக ஓடினால் ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்கும் கீழே குறைந்துவிடும். அப்போது விரல்நுனியும் உதடும் சுருசுருவென்று இருக்கும், தலை லேசாகும், நெஞ்சை யாரோ கட்டியது போலாகும். இத்தனையும் நோயால் வந்ததல்ல, ஆனால் அத்தனையும் உண்மை. யாரும் கற்பனை செய்துகொள்வதில்லை. பயந்தவர் இவற்றைப் புதிய அறிகுறிகளாக எடுத்துக்கொள்கிறார், பயம் கூடுகிறது, கூடிய பயம் இவற்றைக் கூட்டுகிறது. கவனம் வேறு தன் பங்குக்குச் சேர்கிறது. வீட்டில் ஒருவர் பேன் என்று பேச்செடுத்தால் போதும், உட்கார்ந்திருக்கும் எல்லார் கையும் தலைக்குப் போகும். தலை எப்போதும் சற்று அரித்துக்கொண்டுதான் இருக்கிறது, அந்தச் சேதியை மூளை வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தது. அக்கா சிற்றுண்ணி பற்றிச் சொன்ன அன்று எனக்கு இடுப்பெல்லாம் அரித்தது. உண்மையான கடி பெரும்பாலும் அரிக்காது என்பதை அவர்தான் அப்போதே சொல்லியிருந்தார்.

இனி, பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய முடியாதா என்ற கேள்வி. 2003-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த மார்செல் வான் டென் ஹவுட், மெரல் கிண்ட் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். நோய்ப் பயம் எதுவும் இல்லாத சாதாரண மாணவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பை மூடி, மூடியிருக்கிறதா என்று 20 முறை சரிபார்க்கச் சொன்னார்கள். கடைசியாகப் பார்த்தபோது எந்தக் குமிழ் என்று கேட்டால், அதிகம் சரிபார்த்தவர்களின் பதிலும் சரியாகவே இருந்தது. ஆனால் அந்த ஞாபகம் அவர்களுக்கு மங்கலாகத் தெரிந்தது, அதன் மேல் நம்பிக்கை சரிந்திருந்தது. பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தவருக்கு ஞாபகம் இருக்கும். இருபது முறை இழுத்தவருக்கு எந்த இழுப்பு நேற்றையது, எது இன்றையது என்று குழம்பும். என் கழுத்தும் அப்படித்தான் ஆனது. நோயில்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ளவே தொட்டேன், தொடத் தொட நிச்சயம் கரைந்தது.

அதே காலத்தில் அம்மாவிடம் கேட்டதும் சரிபார்ப்புதான். 1980-களில் பிரிட்டனில் ஹிலரி வார்விக்கும் பால் சால்கோவ்ஸ்கிஸும் இதைத் தெளிவாக எழுதினார்கள். ஆறுதல் வார்த்தை கேட்டுக் கேட்டு வாங்குவது இந்தப் பயத்துக்குத் தீனி. நம் வீடுகளில் ஆறுதல் சொல்லப் பஞ்சமில்லை, சொல்கிறவர்கள் அன்பால்தான் சொல்கிறார்கள். முதல் முறை கேட்கும்போது பதில் சொல்வது உதவி. பத்தாவது முறை, "இதை நேத்தே பேசிட்டோம். உனக்குப் பயமா இருக்கு, தெரியுது. வா, அரிசி புடைக்கலாம்" என்று சொல்லிக் கையில் முறத்தைக் கொடுப்பது அதைவிடப் பெரிய உதவி. கேட்க வேண்டும் என்ற தவிப்பு அலை மாதிரி எழும்பி, யாரும் பதில் சொல்லாவிட்டாலும் தானே இறங்கும். அது இறங்குவதை ஒருமுறை பொறுத்திருந்து பார்த்தவர்களுக்கு அடுத்த முறை சற்று எளிது. மனநல மருத்துவத்தில் இந்தப் பயத்துக்குக் கொடுக்கும் பேச்சு வழிச் சிகிச்சையின் நடுநாடி இதுதான். 2013-ல் பிரிட்டனில் பீட்டர் டைரர் குழு, உடல்நோய்ப் பிரிவுகளுக்கு வந்தவர்களில் நோய்ப் பயம் மிகுந்த 444 பேரிடம் இதைச் சோதித்தது. ஐந்து முதல் பத்து அமர்வுகள் போதுமாக இருந்தன, பலன் இரண்டு வருடம் தாண்டியும் நின்றது. சிகிச்சை கொடுத்தவர்களில் நல்ல பலன் காட்டியவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். மலையூர்களுக்கு மனநல நிபுணர் வந்து சேர்வது அரிது, செவிலியர் வருகிறார். அதனால் இந்தச் செய்தியை எனக்கு உரக்கச் சொல்லத் தோன்றுகிறது.

கற்பனை நோய் என்று ஒதுக்கிவிடக் கூடிய விஷயம் அல்ல இது. இந்தப் பயம் நோயாகவே முற்றியவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாகச் சுமார் ஐந்து வருடம் முன்னதாக இறந்துபோகிறார்கள், தற்கொலையும் அவர்களிடையே கூடுதல் என்று ஸ்வீடனின் பதிவேடுகளை ஆராய்ந்து 2023 டிசம்பரில் எழுதினார்கள். தூக்கம் போய், வேலைக்குப் போக முடியாமல் வாரக்கணக்கில் தவிப்பவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

ஒருவருக்குள் அடங்காத பயம் ஊரோடு சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று 2020 ஏப்ரல் 19 இரவு சென்னை பார்த்தது. கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் கல்லெறிந்தது. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் ரத்தத்தோடு ஓடினார்கள். அவருடைய சக மருத்துவர் பிரதீப் குமார் மருத்துவமனைப் பணியாளர்கள் இருவருடன் நள்ளிரவில் வேலங்காடு இடுகாட்டில் தன் கையாலேயே மண் தள்ளி அடக்கம் செய்தார். மண்ணுக்குள் ஆழப் புதைத்த உடலிலிருந்து அந்த வைரஸ் வெளியேற வழியே இல்லை. எந்தப் பாதை என்று அன்று யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பயத்தைப் பற்றி இவ்வளவு எழுதியதால், தொழிலாளி பயப்படுவதுதான் கோளாறு என்று எந்த முதலாளியும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் அறையில் ஊசிப் பெட்டி இல்லாதது என் மனநோய் அல்ல. தோட்டத்தில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையுறை, பூச்சி விரட்டும் களிம்பு, வேலை முடிந்ததும் கைகால் கழுவச் சோப்பும் தண்ணீரும், புல்லில் உட்காராமல் சோறு உண்ண ஒரு திண்ணை. இவற்றைக் கொடுத்த பிறகுதான் "பயப்படாதே" என்று சொல்லும் தகுதி வரும். மருத்துவமனையில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் ஊசிப் பெட்டியும், குத்திக்கொண்டால் எந்த அறைக்கு ஓட வேண்டும் என்று சுவரில் எழுதிய ஒரு சீட்டும். கைக்குப் பாதுகாப்பும் கெட்டது நடந்தால் போக ஓர் இடமும் இருக்கும்போது மனசு தானாகவே பாதி அடங்கிவிடுகிறது. எனக்கு அன்று ஒருவர், "வாம்மா, அந்த நோயாளியைச் சோதிப்போம், நாளைக்கு நீ வந்து மாத்திரை வாங்கிக்கோ" என்று சொல்லியிருந்தால் என் கழுத்தை நான் அத்தனை முறை தொட்டிருக்கமாட்டேன். ஆறு மாதத்துக்குப் பின் வந்த பரிசோதனைச் சீட்டில் எதுவும் இல்லை. அதைப் பார்த்தும் இன்னும் இரண்டு வாரம் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அக்காவிடம் இந்தப் பழக்கம் எங்கே வந்தது என்று கேட்டேன். தோட்டத்துக்கு வந்த ஒரு நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தாராம். துணியைக் கழற்றி வெந்நீரில் போடு, தேய்த்துக் குளி, மடிப்புகளைப் பார், கருப்பாய்ப் பொருக்கு இருந்தாலோ காய்ச்சல் வந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய் "நான் தோட்ட வேலை செய்யறேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல். அந்த வார்த்தை முக்கியம். சிலருக்குப் பொருக்கே தோன்றாது. வெறும் காய்ச்சலோடு வருகிறவரிடம் டாக்டர் எதைத் தேடுவது என்பதற்கு அதுதான் குறிப்பு. சிற்றுண்ணி உடம்பில் ஏறினதும் கடித்துவிடுவதில்லை. மெல்லிய தோலாக, துணி இறுக்கும் இடமாகத் தேடி ஊர்கிறது. அன்றன்றைக்கே தேய்த்துக் குளிப்பது அதற்காகத்தான். அதற்கு மேல் நர்ஸம்மா எதுவும் சொல்லவில்லை, அக்காவும் அதற்கு மேல் எதுவும் செய்வதில்லை.

நேற்று சாயங்காலம் மேகம் தாழ இறங்கி முற்றத்தை மூடியிருந்தது. அந்தப் பெண் குளித்துவிட்டு வந்து அடுப்போரம் நின்றாள். அக்கா அவள் முதுகையும் காதின் பின்புறத்தையும் பார்த்தார்.

"இல்ல கண்ணு."

கொஞ்ச நேரம் கழித்து அவள் மறுபடியும் வந்தாள். "இடுப்புல ஒரு மாதிரி இருக்குது அத்தை. இன்னொருக்கா பாருங்களேன்."

அக்கா அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவள் முகத்தைத்தான் பார்த்தார், இடுப்பைப் பார்க்கவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் பாப்போம். வாளில துணி ஊறுது பாரு, எடுத்து அலசு."

அவள் அங்கேயே நின்றாள். கை ஒருமுறை இடுப்புக்குப் போய்த் திரும்பியது. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.